ரெவ்-ஷேர் கேமுக்கு டீம் சேர்ப்பது எப்படி: முதல் பில்டிலிருந்து முதல் பேமென்ட் வரை

சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை, கேம் விற்று வரும் காசைப் பிரித்துக்கொள்வோம் என்று பேசி ஆள் சேர்ப்பதைத்தான் ரெவ்-ஷேர் என்கிறோம். இப்படி மூன்று முறை டீம் சேர்த்திருக்கிறேன். முதல் இரண்டு கேமும் பாதியில் நின்றுபோயின. மூன்றாவது, கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வெளியானது. மூன்றிலும் வந்தவர்களின் திறமை ஏறக்குறைய ஒன்றுதான். வேலைகளை எந்த வரிசையில் செய்தோம் என்பதில்தான் எல்லா வித்தியாசமும் இருந்தது.

புதிதாக வருகிறவர்கள் ஐடியா தோன்றிய அன்றே ஆள் தேடத் தொடங்குகிறார்கள். வந்தவர்களோடு உட்கார்ந்து கேம் எவ்வளவு பெரியது என்று பேசுகிறார்கள். பங்கு பற்றிய பேச்சு ஆறு மாதம் கழித்து வருகிறது. யாராவது விலகும்போதுதான் ஒப்பந்தம் நினைவுக்கு வருகிறது. கீழே உள்ள வரிசை இதைத் தலைகீழாகத் திருப்பியது. ஒவ்வொரு படியையும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். குறிப்பாக, 4 வரை முடிக்காமல் யாரையும் அழைக்க வேண்டாம்.

உதாரணங்களுக்கு எங்கள் கேமையே எடுத்துக்கொள்கிறேன்: மஃப்சல் பஸ்ஸின் கூரையில் மூட்டை, சைக்கிள், கோழிக்கூண்டு எல்லாவற்றையும் விழாமல் அடுக்கும் 2டி புதிர்.

1. விளையாடக்கூடிய ஒரு பில்டை நீங்களே முடியுங்கள்

பில்ட் என்றால் ஓட்டி விளையாடிப் பார்க்கக்கூடிய கேமின் பதிப்பு. ஐந்து நிமிடம் விளையாட முடிந்தால் போதும். படம் வேண்டாம், சாம்பல் நிறக் கட்டங்கள் போதும். எங்கள் முதல் பில்டில் பஸ் ஒரு செவ்வகம், கோழிக்கூண்டு அதைவிடச் சின்ன செவ்வகம். ஆனால் அடுக்குவது, சரிவது, மறுபடி அடுக்குவது என்ற அடிப்படை ஆட்டம் அதில் முழுதாக இருந்தது.

ஏன் இது முதல் படி? வரப்போகிறவர் உங்களுக்கு நூற்றுக்கணக்கான மணி நேரத்தைக் கடனாகத் தருகிறார். அந்தக் கடனுக்கு ஈடாகக் காட்ட உங்களிடம் இருப்பது இது ஒன்றுதான். தொடங்கியதை இவர் முடிப்பாரா என்ற அவருடைய கேள்விக்குப் பேச்சால் பதில் சொல்ல முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. யார் தேவை என்பது பில்ட் செய்யும்போதுதான் தெரியும். எனக்கு முதலில் இன்னொரு புரோகிராமர்தான் வேண்டும் என்று நினைத்திருந்தேன். பில்ட் முடிந்ததும் பார்த்தால் இயற்பியல் பகுதியை நானே சமாளித்திருந்தேன். உண்மையில் என்னால் முடியாதது படம் வரைவது.

கோடிங் தெரியாதவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடப் பார்க்கிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள். கதை எழுதுகிறவர் என்றால் கதை கேம் செய்யும் கருவிகளான ட்வைன் அல்லது ரென்பையில் ஒரு காட்சியை ஓட வையுங்கள், இரண்டும் இலவசம். ஆர்ட்டிஸ்ட் என்றால் கேம் செய்யும் மென்பொருளான (என்ஜின்) கோடாட்டில் இரண்டு மூன்று வாரம் செலவழித்து ஒரு பாத்திரத்தையாவது நடக்க வையுங்கள். அதுவும் முடியாவிட்டால் அட்டையில் வெட்டி மேசையில் ஆடிக் காட்டி, அதை வீடியோ எடுங்கள்.

முடித்ததை, கேம்களைப் பகிரும் இட்ச் தளத்தில் பிரவுசரிலேயே ஓடும்படி ஏற்றுங்கள். டவுன்லோட் செய்து திறக்கச் சொன்னால் பலர் அதோடு விட்டுவிடுவார்கள்.

வழக்கமான தவறு: பில்டுக்குப் பதில் நாற்பது பக்க டிசைன் டாக்குமென்ட் எழுதுவது. யாரும் அதை முழுதாகப் படிப்பதில்லை. படிக்கிறவரும் தன் மனதில் வேறு ஒரு கேமைக் கற்பனை செய்துகொள்கிறார்.

2. கேமின் அளவையும் பணக் கணக்கையும் எழுதிப் பாருங்கள்

முதலில் அளவு. எங்களுக்கு மொத்தம் 40 லெவல். ஒரு லெவலை வடிவமைத்துச் சரிபார்க்க எனக்கு மூன்று மாலை ஆனது. அப்படியானால் 120 மாலை. வாரத்துக்கு நான்கு மாலை என்றால் 30 வாரம், அதுவும் படமும் ஒலியும் இல்லாமல். இந்தக் கணக்கைப் போடும்வரை நான் 100 லெவல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போய்க்கொண்டே செய்கிறவர்கள் ஒரு வருடத்தில் முடிகிற அளவுக்கு வெட்டுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் காசில்லாமல் ஆர்வத்தைத் தக்கவைப்பது மிகவும் கடினம்.

அடுத்தது பணம். இதை வெளிப்படையாக எழுதிக் காட்டாமல் யாரையும் பங்குக்கு அழைப்பது நியாயமில்லை. ஓர் உத்தேசக் கணக்கு:

ஆயிரம் பிரதி விற்கிறது, வரியும் தள்ளுபடியும் போக ஒரு பிரதிக்குச் சராசரியாக 250 ரூபாய் என்று வைப்போம். 2,50,000 ரூபாய். வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்குப் பத்து சதவீதம் கழித்தால் 2,25,000. ஸ்டீமின் பங்கு 30 சதவீதம் போனால் 1,57,500. டிரெய்லர், ஸ்டீம் கடைப் பக்கத்துக்கான படம், மொழிபெயர்ப்பு என்று 27,500 செலவானால் மிச்சம் 1,30,000. நான்கு பேர் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 32,500 ரூபாய்.

வாரம் 10 மணி நேரம், 60 வாரம் உழைத்தவருக்கு அது மணிக்கு 54 ரூபாய். ஆயிரம் பிரதி விற்பதே பல புது டீம்களுக்குப் பெரிய காரியம்.

இதைக் காட்டினால் யாரும் வரமாட்டார்கள் என்று பயப்படுவீர்கள். நானும் பயந்தேன். காட்டிய பிறகும் வந்தவர்கள்தான் கடைசிவரை இருந்தார்கள். ஏனென்றால் அவர்கள் வந்தது காசுக்காக மட்டும் அல்ல. வெளியான ஒரு கேமில் தங்கள் பெயர் இருக்க வேண்டும், தங்கள் வேலையைப் பிறர் விளையாட வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இருந்தது. லட்சங்கள் வரும் என்று நம்பி வருகிறவர், அது வராது என்று தெரியும் நாளில் போய்விடுவார். அந்த நாள் பெரும்பாலும் வேலை பாதியில் இருக்கும்போதுதான் வரும்.

3. யாருக்குப் பங்கு, யாருக்குக் காசு என்று பிரியுங்கள்

எது இல்லாவிட்டால் கேமே இல்லையோ, அந்த வேலைக்கு மட்டும் பங்கு கொடுங்கள். மற்றதைக் காசு கொடுத்து வாங்குங்கள், அல்லது உரிமம் பார்த்து இலவச அசெட் (தயாராகக் கிடைக்கும் படம், ஒலி) எடுங்கள்.

எங்களுக்குப் படம் உயிர். ஆகவே ஆர்ட்டிஸ்ட் பங்குதாரர். ஸ்டீம் கடைப் பக்கத்தில் வைக்கும் முகப்புப் படம் ஒரே ஒரு முறை செய்யும் வேலை, அதற்குக் காசு. பங்கு கொடுத்தால் ஒரு வாரம் வேலை செய்தவருக்கும் கேம் விற்கும்வரை மாதாமாதம் கணக்கு அனுப்ப வேண்டும்.

உங்களோடு சேர்த்து மூன்று அல்லது நான்கு பேர் போதும். டிஸ்கார்ட் அரட்டைத் தளத்தில் ஒன்பது பேர் உள்ள சர்வரில் இரண்டு பேர் வேலை செய்வதையும், மற்ற ஏழு பேர் கருத்துச் சொல்வதையும் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இலவச அசெட்டில் ஒரு எச்சரிக்கை: கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் வகை ஒன்று உண்டு. விற்கப்போகும் கேமில் அதைச் சேர்க்க முடியாது. எடுத்த அன்றே எங்கிருந்து, எந்த உரிமத்தில் எடுத்தோம் என்று ஒரு ஷீட்டில் குறித்துவிடுங்கள்.

4. பங்கை எப்படிக் கணக்கிடுவது என்று முடிவு செய்யுங்கள்

என் இரண்டாவது கேம் நின்றது இந்த இடத்தில்தான். முதல் நாளே நான்கு பேருக்கும் ஆளுக்கு 25 சதவீதம் என்று சாட்டில் எழுதினோம். இசையமைத்தவர் இரண்டு டிராக் கொடுத்தார், மூன்றாவது வாரத்துக்குப் பிறகு பதில் இல்லை. அவருடைய 25 சதவீதம் அப்படியே நின்றது. மற்ற மூவரும் ஒரு வருடம் உழைத்தும் அவருக்குச் சமமான பங்குதான். அதைப் பற்றிப் பேசப் பேச டீமுக்குள் மனக்கசப்புதான் வளர்ந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் வாழ்க்கையில் வேறு நெருக்கடி இருந்திருக்கும். தவறு நாங்கள் போட்ட கணக்கில் இருந்தது.

அதன் பிறகு நான் நம்புவது புள்ளி முறை. முடித்துக் கொடுத்த வேலைக்குப் புள்ளி. கடைசியில் உங்கள் புள்ளியை மொத்தப் புள்ளியால் வகுத்தால் உங்கள் பங்கு.

வேலை ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே எடை போடுங்கள். எங்கள் பட்டியலில் ஒரு சரக்கின் படம் 1 புள்ளி, ஒரு லெவல் 3, ஓர் ஊரின் பின்னணி ஓவியம் 5, சேவ் சிஸ்டம் 8. வேலையைத் தொடங்கும் முன்பே எடையைப் பேசிவிட வேண்டும். முடித்த பிறகு பேசினால் அது சண்டையாகும்.

கேம் வெளியானபோது மொத்தம் 400 புள்ளி. எனக்கு 170, ஆர்ட்டிஸ்டுக்கு 140, பாதியில் விலகிய இரண்டாவது புரோகிராமருக்கு 60, ஒலிக்கு 30. அதாவது 42.5, 35, 15, 7.5 சதவீதம். விலகியவர் செய்த வேலைக்கான பங்கு அவரிடமே இருந்தது. செய்யாத வேலைக்கான பங்கு அவரிடம் போய் மாட்டிக்கொள்ளவும் இல்லை.

மணி நேரத்தை வைத்து ஏன் கணக்கிடக் கூடாது என்று கேட்பார்கள். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. சந்தேகம் வந்துவிட்டால் உண்மையைச் சொல்கிறவரும் காயப்படுவார். மேலும், வேகமாக வேலை செய்கிறவருக்கு அதில் நஷ்டம்.

புள்ளி முறையில் மறக்கக் கூடாதவை நான்கு:

நீங்கள் முன்பே செய்த பில்டுக்கு எத்தனை புள்ளி என்று அழைப்புக்கு முன்பே சொல்லுங்கள். நான் 30 வைத்தேன். ஐடியாவுக்குப் புள்ளி கிடையாது.

கண்ணுக்குத் தெரியாத வேலைக்கும் புள்ளி உண்டு. டெஸ்டிங், கடைப் பக்கம் எழுதுவது, மின்னஞ்சலுக்குப் பதில் சொல்வது என்று யாரோ ஒருவர் மாதாமாதம் சுமக்கிறார். அதற்கு மாதம் 4 என்று நிலையாக வைத்தோம்.

கேம் வெளியான பிறகும் பக் திருத்தும் வேலை இருக்கும். ஆறு மாதம் வரை புள்ளி ஏறலாம், அதற்குப் பிறகு கணக்கு முடிவு என்று ஒரு தேதி வையுங்கள்.

எந்தத் தொகையைப் பிரிக்கிறோம் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். "வருமானத்தில் பங்கு" என்று மட்டும் எழுதினால் விற்ற தொகையா, கைக்கு வந்த தொகையா என்று பின்னால் கேள்வி வரும். நாங்கள் எழுதியது: ஸ்டீமிலிருந்து வங்கிக்கு வந்த தொகையில், எல்லோரும் முன்பே ஒப்புக்கொண்ட செலவைக் கழித்த மிச்சம்.

5. அழைப்பை எழுதுங்கள்

இப்போதுதான் எழுத வேண்டும். முதல் நான்கு படிகளும் முடிந்திருந்தால் அழைப்பு அரை மணி நேர வேலை. எங்களுடையது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"மஃப்சல் பஸ் கூரையில் சரக்கு அடுக்கும் 2டி புதிர் கேம். கோடாட்டில் செய்கிறேன். 40 லெவலில் 12 முடிந்துவிட்டது, லிங்கில் இப்போதே விளையாடலாம். படம் இன்னும் கட்டங்கள்தான். தேவை: கையால் வரைந்த சாயலில் 2டி ஆர்ட்டிஸ்ட் ஒருவர். வேலை: 6 ஊர்ப் பின்னணி, 35 சரக்குப் படம், 4 பாத்திரம். வாரம் 8 முதல் 10 மணி நேரம், சுமார் ஒரு வருடம். சம்பளம் இல்லை. பங்கு புள்ளி முறையில், எழுத்து ஒப்பந்தத்தோடு. ஆயிரம் பிரதி விற்றால் உங்கள் கைக்கு எவ்வளவு வரும் என்ற கணக்கையும் இணைத்திருக்கிறேன். முதலில் இரண்டு வாரம் சேர்ந்து ஒரு சின்ன வேலை செய்து பார்ப்போம். அதன் பிறகு இருவரும் முடிவு செய்யலாம்."

"சம்பளம் இல்லை" என்பதை மறைக்காமல் நேராக எழுதுங்கள். ஆறு ஊர், 35 சரக்கு என்று எண்ணிக்கை கொடுப்பதும் முக்கியம். படம் வரைகிறவர் தன் வேகத்தில் அதை வகுத்துப் பார்த்து, தன்னால் முடியுமா என்று தானே தெரிந்துகொள்வார்.

வழக்கமான தவறுகள்: கேமைப் பற்றிச் சொன்னால் ஐடியாவைத் திருடிவிடுவார்கள் என்று மூடி மறைப்பது, "ஆர்வமுள்ளவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம்" என்று எழுதுவது. யார் வேண்டுமானாலும் என்றால் நல்ல ஆர்ட்டிஸ்ட் அது தனக்கான அழைப்பு இல்லை என்று நினைத்துக் கடந்துபோவார்.

6. எங்கே தேடுவது

குறுகிய நேரத்தில் சேர்ந்து கேம் செய்யும் நிகழ்ச்சியான கேம் ஜாம்தான் முதல் இடம். லூடம் டேர், ஜிஎம்டிகே ஜாம், ஜனவரியில் நடக்கும் குளோபல் கேம் ஜாம் எல்லாவற்றிலும் சில நாளில் ஒரு கேமை முடிக்கிறார்கள். அங்கே ஒருவருடன் வேலை செய்துவிட்டால் அவர் கடைசி இரவில் எப்படி நடந்துகொள்வார் என்று தெரிந்துவிடும். போர்ட்ஃபோலியோ அதைக் காட்டாது. எங்கள் ஆர்ட்டிஸ்ட் அப்படித்தான் கிடைத்தார்.

அடுத்து, ஜாம் பக்கங்களில் ஏற்கெனவே கேம் முடித்துப் போட்டவர்களைத் தேடி நேராக எழுதுங்கள். அவர்களுடைய கேமை விளையாடிவிட்டு, அதில் எது பிடித்தது என்று குறிப்பாகச் சொல்லித் தொடங்குங்கள். பத்துப் பேருக்கு எழுதினால் இரண்டு மூன்று பதில் வந்தது. பொது அழைப்பைவிட இது எனக்கு நன்றாகப் பலித்தது.

ரெடிட்டில் டீம் தேடுவதற்கென்றே "ஐ நீட் எ டீம்" என்ற பகுதி உண்டு. என்ஜின்களின் டிஸ்கார்ட் சர்வர்கள், கல்லூரி கிளப்புகளிலும் கேட்கலாம்.

நெருங்கிய நண்பரைச் சேர்ப்பதில் மட்டும் நிதானம் தேவை. நட்புக்காக ஒப்புக்கொண்டவர் வேலை பிடிக்காவிட்டாலும் சொல்ல மாட்டார். அவரிடம் "மச்சான், இது எப்ப முடியும்?" என்று இரண்டாவது முறை கேட்க உங்களுக்கும் வாய் வராது.

7. முதல் பேச்சில் கேட்க வேண்டியவை

குரலில் பேசுங்கள், அரை மணி நேரம் போதும். கேள்வி கேட்கும் முன் உங்கள் பணக் கணக்கையும் புள்ளி முறையையும் விளக்கிவிடுங்கள். பிறகு இவற்றைக் கேளுங்கள்.

கடைசியாக எதை முடித்தீர்கள்? சின்னதாக இருந்தாலும் முடித்ததுதான் கணக்கு. பாதியில் நின்றது எது, ஏன் என்றும் கேளுங்கள். நேர்மையான பதில் சொல்கிறவரை நம்பலாம்.

அடுத்த ஆறு மாதத்தில் தேர்வு, கல்யாணம், வேலை மாற்றம் ஏதாவது உண்டா? இது தனிப்பட்ட விஷயம்போல் தோன்றும், ஆனால் திட்டம் போட இது தேவை. "ப்ரோ, ஏப்ரல் மே ரெண்டு மாசம் செமஸ்டர், என்னால முடியாது" என்று ஒருவர் முன்பே சொன்னதால் அந்த இரண்டு மாதத்தையும் விட்டுத் திட்டமிட்டோம்.

ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறீர்களா? அப்படியானால் நியமனக் கடிதத்தை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வெளி வேலை செய்யக் கூடாது, வேலைக்காலத்தில் உருவாக்கியது எல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற வரிகள் அதில் இருக்கலாம். இருந்தால் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே சேர வேண்டும். கேம் வெளியான பின் இது தெரிந்தால் அவருடைய வேலைக்கும் ஆபத்து, உங்கள் கேமுக்கும் ஆபத்து.

வயது 18 நிறைந்ததா? இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன்படி 18 நிறையாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. திறமையான பள்ளி மாணவர்கள் நிறையப் பேர் ஆசையோடு வருவார்கள். அவர்களோடு ஜாமில் சேர்ந்து செய்யுங்கள், கற்றுக்கொடுங்கள். பங்கு கேமில் இப்போது சேர்க்க வேண்டாம்.

ஏஐ கருவி பயன்படுத்துவீர்களா என்றும் கேளுங்கள். ஏஐயால் உருவாக்கியது கேமில் இருந்தால் ஸ்டீமில் அதைத் தெரிவிக்க வேண்டும். டீமில் ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் சேர்த்துவிட்டால் தவறான தகவல் கொடுத்தவர்களாகிவிடுவோம்.

8. இரண்டு வாரச் சோதனை வேலை

சோதனை வேலை சின்னதாகவும் முழுமையாகவும் இருக்க வேண்டும். எங்களுடையது: மூன்று சரக்குப் படம் வரைந்து, அதை கேமுக்குள் சேர்த்து, அந்த பில்டை இருவரும் விளையாடிப் பார்ப்பது. வரைவதோடு நிறுத்தினால் படத்தின் அளவு, ஃபைல் பெயர், பின்னணி வெட்டுவது போன்ற உரசல்கள் தெரியாமல் போகும். பின்னால் நேரத்தைத் தின்பது அவைதான்.

முடிந்தால் இதற்கு ஒரு தொகை கொடுங்கள். முடியாவிட்டால், சேராமல் போனால் அந்தப் படங்களைப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள். சோதனை என்ற பெயரில் பத்துப் பேரிடம் இலவசமாக வேலை வாங்குகிறவர்களைப் பற்றி ஆர்ட்டிஸ்டுகளுக்கு நன்றாகத் தெரியும், அந்தப் பயம் நியாயமானது.

எதைப் பார்க்க வேண்டும்? தரத்தை போர்ட்ஃபோலியோவிலேயே பார்த்திருப்பீர்கள். இங்கே பார்க்க வேண்டியது தாமதம் வரும்போது என்ன செய்கிறார் என்பதை. வியாழக்கிழமை தர வேண்டியது முடியவில்லை என்றால், புதன்கிழமையே "ஞாயிறு ஆகும்" என்று சொல்கிறாரா? அப்படிச் சொல்கிறவரோடு ஒரு வருடம் வேலை செய்யலாம். சனிக்கிழமை நீங்கள் கேட்ட பிறகு "இதோ முடிச்சிடுறேன்" என்று வந்தால், எவ்வளவு அழகாக வரைந்தாலும் யோசியுங்கள்.

அவரும் உங்களைச் சோதிக்கிறார். படம் வந்த அன்றே பார்த்துப் பதில் சொல்லுங்கள். இரண்டு வாரமும் நீங்கள் மௌனமாக இருந்தால் அவர் விலகுவது சரியான முடிவுதான்.

9. ஒப்பந்தம்: சோதனை முடிந்த வாரத்திலேயே

உறவு நன்றாக இருக்கும்போது எழுதினால்தான் இருவரும் நியாயமாக எழுதுவார்கள். "நமக்குள்ள எதுக்கு ப்ரோ பேப்பர்?" என்று கேட்பார்கள். நான் சொல்லும் பதில்: "நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனா உங்க பங்கு யார்கிட்ட கேப்பீங்க? உங்களுக்காகத்தான் இந்தப் பேப்பர்."

இரண்டு மூன்று பக்கம் போதும். எல்லோருக்கும் நன்றாகப் புரியும் மொழியில் எழுதுங்கள், தமிழில் எழுதினாலும் ஒப்பந்தம் ஒப்பந்தமே. எழுதிய பிறகு ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் காட்டிவிடுங்கள். அந்தக் கட்டணம் கேமின் முதல் செலவு.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் ரெவ்-ஷேர் டீம்கள் கட்டாயம் அறிய வேண்டியவை சில உண்டு. சம்பளத்துக்கு வேலை செய்யாதவர் வரைந்த படம் பொதுவாக அவருக்கே சொந்தம் (பிரிவு 17). கேமுக்காக வரைந்தார் என்பதால் மட்டும் அது உங்களுடையதாகிவிடாது. உரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்தும் கையொப்பமும் வேண்டும் (பிரிவு 19).

அதே பிரிவு 19 இன்னும் மூன்று விஷயம் சொல்கிறது. எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தால் தவிர, உரிமை காலாவதியாகிவிடும். நம் கேம்கள் செய்து முடிக்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், விற்பதோ உலகம் முழுக்க. ஆகவே "பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும், ஒரு வருட விதி பொருந்தாது" என்ற மூன்றையும் எழுத வேண்டும்.

எனக்கு நியாயமாகப் படும் ஏற்பாடு இது: இந்த கேமுக்கும் அதன் விளம்பரத்துக்கும் பயன்படுத்தும் உரிமம் மட்டும் டீமுக்கு, படைப்பு வரைந்தவருடையதாகவே இருக்கும், போர்ட்ஃபோலியோவில் போட அவருக்கு எப்போதும் உரிமை உண்டு, குறிப்பிட்ட தேதிக்குள் கேம் வெளியாகாவிட்டால் உரிமம் முடிந்துவிடும். காசு கொடுக்காதவர் எல்லா உரிமையையும் எழுதி வாங்குவது சரியல்ல.

இன்னொரு சட்டம், கூட்டாண்மைச் சட்டம் 1932. சேர்ந்து தொழில் நடத்தி லாபத்தைப் பிரித்துக்கொள்ள ஒப்புக்கொண்டால், நீங்கள் அப்படிப் பெயர் வைக்காவிட்டாலும் அது கூட்டாண்மையாகக் கருதப்படலாம். அப்போது ஒருவர் டீம் பெயரில் வாங்கிய கடனுக்கு எல்லோரும் பொறுப்பு (பிரிவு 25). பங்கு எழுதப்படாவிட்டால் லாபம் சமமாகப் பிரியும் (பிரிவு 13). இதனால்தான் யார் டீம் பெயரில் செலவு செய்யலாம், எவ்வளவு வரை என்பதை ஒப்பந்தத்தில் எழுதுகிறோம். கேம் நன்றாக விற்கத் தொடங்கினால் 2008 சட்டத்தின்படி எல்எல்பி (ஒவ்வொருவர் பொறுப்புக்கும் வரம்பு உள்ள கூட்டாண்மை) பதிவு செய்வது பற்றி ஆடிட்டரிடம் கேளுங்கள்.

இவை தவிர எழுத வேண்டியவை: புள்ளி முறை முழுவதும், கேமின் பெயர்ப் பட்டியலான கிரெடிட்டில் பெயர் எப்படி வரும், முடிவு பிரிந்து நின்றால் இறுதிச் சொல் யாருடையது, விலகுவது எப்படி, ஒருவர் இறந்தால் பங்கு யாருக்கு. டீமில் ஒருவர் யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ இருந்தால் எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதையும் எழுதுங்கள்.

10. முதல் வாரத்தில் வேலைக்களம்

என்ஜின் பதிப்பை எல்லோரும் ஒன்றாக வையுங்கள். ஒருவர் மட்டும் அப்டேட் செய்தால் மற்றவர்களின் புராஜெக்ட் திறக்காமல் போகலாம். ஃபைல்களின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் கிட் கட்டாயம். ஆர்ட்டிஸ்டுக்குத் தெரியாவிட்டால் ஒரு மாலை உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படம் வாங்கிச் சேர்ப்பது பத்து நாள்தான் தாங்கும். கிட் ஃபைல்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை ஏற்காது, ஆகவே பெரிய ஃபைல்களுக்கான எல்எஃப்எஸ் வசதியை முதலிலேயே போட்டுவிடுங்கள். உங்கள் என்ஜின் யூனிட்டி என்றால் அதன் லைப்ரரி ஃபோல்டரை கிட்டில் ஏற்றாதீர்கள்.

புள்ளி ஷீட் எல்லோரும் பார்க்கும்படி இருக்கட்டும். ஞாயிறு மாலை அரை மணி நேரம் சேர்ந்து அந்த வார பில்டை விளையாடுங்கள். கூட்டம் வேண்டாம், விளையாடினால் போதும். தன் படம் அசைவதைப் பார்க்கிறவர் அடுத்த வாரமும் வருவார்.

11. ஒருவர் மௌனமானால்

பெரும்பாலும் யாரும் "விலகுகிறேன்" என்று சொல்வதில்லை. பதில் குறையும், பிறகு நிற்கும். எங்கள் ஒப்பந்தத்தில் இப்படி வைத்தோம்: 14 நாள் தகவல் இல்லாவிட்டால் ஒரு கடிதம், இன்னும் 14 நாளில் பதில் இல்லாவிட்டால் அவர் கையில் உள்ள வேலை மற்றவருக்குப் போகும். சேர்த்த புள்ளி அவருடையதே. பெயர் கிரெடிட்டில் வரும்.

முதல் செய்தியில் வேலையைப் பற்றிக் கேட்காதீர்கள். "நல்லா இருக்கீங்களா? வேலை பத்தி அப்புறம் பேசலாம்" என்று எழுதுங்கள். எங்கள் இரண்டாவது புரோகிராமர் மௌனமானபோது அவர் வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. வேலையை விட்டதில் அவருக்குக் குற்ற உணர்ச்சி, அதனால்தான் பதில் போடவில்லை. புள்ளி அப்படியே இருக்கும் என்று சொன்னதும் அவரே ஒரு மாலை ஒதுக்கி, தன் கோடிங்கை எனக்கு விளக்கிவிட்டுப் போனார். அந்த ஒரு மாலை எனக்கு ஒரு மாத வேலையை மிச்சப்படுத்தியது.

விலகுகிறவர் தர வேண்டியவை: மூல ஃபைல்கள், பாஸ்வேர்டுகள், பாதியில் இருப்பதைப் பற்றிய குறிப்பு. லேயர் உள்ள மூலப் படம் இல்லாமல் ஏற்றுமதி செய்த படம் மட்டும் இருந்தால் பின்னால் ஒரு நிறத்தைக்கூட மாற்ற முடியாது. அதனால் மூல ஃபைலும் கிட்டில் ஏறிய பிறகுதான் புள்ளி என்று விதி வைத்தோம்.

12. வெளியீடும் பணம் பிரிப்பதும்

ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணம். கேம் 1,000 டாலர் ஈட்டிய பிறகு அது திரும்பி வரும். பணம் கட்டி 30 நாள் கழியாமல் வெளியிட முடியாது. "விரைவில்" என்ற கடைப் பக்கமும் குறைந்தது இரண்டு வாரம் இருக்க வேண்டும். இந்த நாட்களை மறந்து பொங்கலுக்கு வெளியீடு என்று அறிவித்துவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு.

ஸ்டீம் பணத்தை ஒரே கணக்குக்குத்தான் அனுப்பும். டீமுக்குப் பிரித்துக் கொடுக்காது. கணக்கின் பெயரும், வரிப் படிவத்தில் உள்ள பெயரும், வங்கிப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அமெரிக்க விற்பனைக்கு அங்கே வரி பிடிப்பார்கள். வரிப் படிவத்தில் பான் எண் கொடுத்து இந்திய-அமெரிக்க ஒப்பந்தத்தைக் கோரினால் 30-க்குப் பதில் 15 சதவீதம். முழுத் தொகையும் ஒருவர் கணக்கில் விழுவதால் இங்கே வருமான வரிக் கணக்கில் அதை எப்படிக் காட்டுவது என்று முதல் பேமென்ட் வருவதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

மாதம் ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு 10-ஆம் தேதி. ஷீட்டில் ஐந்து வரி: ஸ்டீம் அறிக்கையில் உள்ள தொகை, வங்கிக்கு வந்த தொகை, கழித்த செலவும் ரசீதும், ஒவ்வொருவர் புள்ளி, ஒவ்வொருவருக்கும் அனுப்பிய தொகை. ஸ்டீம் அறிக்கையின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து அனுப்புகிறேன். விற்பனையே இல்லாத மாதத்திலும் பூஜ்யம் போட்டு ஷீட் போகிறது. விலகிய புரோகிராமருக்கும் அதே நாளில், அதே ஷீட்தான்.